இது யார் ரத்தம்?

போன வியாழக்கிழமை காலை, நாமக்கல்லில் என் கிளினிக்குக்கு வந்த மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி மாதிரி மாத்திரைகளை மேஜைமேல் அடுக்கிக்கொண்டே, "சேலத்துல உங்க பழைய ஆஸ்பத்திரி லேப் அம்மா தவறிட்டாங்களாம் சார்" என்றார்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"அங்கே பேசிக்கிட்டாங்க சார்."

"யார் பேசிக்கிட்டாங்க? எந்த லேப் அம்மா? பேரு என்ன?"

அவருக்கு எதுவும் தெரியவில்லை. மாத்திரைகளை வைத்துவிட்டு அவசரமாகப் போய்விட்டார். நான் சேலத்துக்கு ட்ரங்க் கால் பதிவு செய்தேன். இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் எடுத்தவர் ஆமாம் என்றார். குரல் புதிதாக இருந்தது. அவருக்கு லேப் பிலோமினா அம்மாளை நேரில் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். அரிசிப்பாளையத்தில் அவருடைய தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. அந்தக் கடைக்கு இன்னொரு கால் போட்டேன். தம்பியே ஓடி வந்து பேசினார். "ஆமாங்க டாக்டர். நேத்து சாயங்காலம். நாளைக்குக் காலைல கோயில்ல பூசை வெச்சு அடக்கம். வந்துருங்க" என்றார். அதற்குப் பிறகுதான் நம்பினேன்.

ஒரு சாவுச் செய்தியை இப்படித் துருவித் துருவி விசாரித்தேன் என்றால் வெளியாருக்கு விகாரமாகப் படலாம். அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அப்படிப் படாது. அவரானாலும் இதையேதான் செய்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்த ஆஸ்பத்திரியில் உதவி டாக்டராகச் சேர்ந்தேன். அப்போதே பிலோமினா அம்மாள் அங்கே பத்து வருடத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டிருந்தார். மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரே ஜன்னலுள்ள அறை. ரயில்வேக்காரர் ஒருவரின் மூத்த மகள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியையும் இரண்டு தங்கைகளையும் கரையேற்றியவர். ஒவ்வொரு ரத்தக் குப்பியையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கொண்டுவந்தவரைப் பார்த்து, "இது யார் ரத்தம்?" என்பார். சீட்டில் பெயர் இருக்கிறதே என்றால், "அது சீட்டோட பேரு. எடுத்தது யாருகிட்ட?" என்பார். பதில் சொல்லாமல் அந்த அறையை விட்டு வெளியே வந்தவர் நம்மில் எவருமில்லை.

எங்கள் பெரிய டாக்டர் அந்தக் காலத்திலேயே இடுப்பு மூட்டு மாற்றி வைப்பதில் பேர் வாங்கியவர். வாழப்பாடியிலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களைக் கொண்டுவருவார்கள். முறிந்த தலைப்பகுதியை எடுத்துவிட்டு, உலோகப் பந்து ஒன்றைத் தொடையெலும்புக்குள் இறக்கி வைப்பார். நல்லபடி ஆறினால் ஆள் எழுந்து நடக்கும். உள்ளே சீழ் பிடித்துவிட்டால் அவ்வளவுதான். அந்நியப் பொருளைச் சுற்றிக் கிருமி குடியேறிவிட்டால் மருந்து அங்கே எட்டாது. மேலே தையல் அழகாக ஆறியிருக்கும், உள்ளே புரையோடிக்கொண்டிருக்கும். அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க எங்கள் கையில் இருந்த வழிகள் கொஞ்சம். எக்ஸ்ரே தாமதமாகத்தான் காட்டும். ரத்தத்தில் இ.எஸ்.ஆர். என்ற ஒன்று இருந்தது.

மெல்லிய நீளமான கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றிச் செங்குத்தாக நிறுத்திவைப்பார்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கீழே படியும், மேலே மஞ்சள் நீர் தெளியும். உடம்பில் அழற்சி இருந்தால் சிவப்பு வேகமாக இறங்கும். ஆப்பரேஷன் ஆனதும் எல்லோருக்கும் அந்த எண் ஏறும். பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைய வேண்டும். குறைந்துவந்தது மறுபடி ஏறினால் சந்தேகம். ஆனால் சளி பிடித்தாலும் ஏறும், சோகையிலும் ஏறும், குழாய் லேசாகச் சாய்ந்து நின்றாலும் ஏறும். அதனால் பிலோமினா அம்மாள் நூலில் ஈயக் குண்டு கட்டித் தொங்கவிட்டு, குழாய்களை நிறுத்தும் தாங்கி நேராக நிற்கிறதா என்று தினமும் பார்ப்பார். "இந்தக் குழாய் சாட்சி சொல்லாது டாக்டர். புகார்தான் குடுக்கும். விசாரிக்க வேண்டியது நீங்க" என்று ஒருமுறை சொன்னார். அன்று எனக்கு அது திமிர்ப் பேச்சாகத் தெரிந்தது.

திமிரை அடக்க நினைத்தேன். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரே நோயாளியின் ரத்தத்தை இரண்டு குப்பிகளில் எடுத்து, ஒன்றில் அவர் பெயரும் இன்னொன்றில் கற்பனைப் பெயரும் எழுதி அனுப்பினேன். இரண்டு முடிவும் வேறுவேறாக வந்தால் பிடித்துவிடலாம் என்று கணக்கு. மாலையில் இரண்டு சீட்டும் வந்தன. இரண்டிலும் ஒரே எண். இரண்டாவது சீட்டின் அடியில் சின்ன எழுத்தில், "இந்தப் பெயரில் வார்டில் யாரும் இல்லை. ரத்தம் பக்கத்துக் குப்பியிலுள்ளவருடையது. சோதித்தது சரியே, சொல்லிவிட்டுச் செய்திருக்கலாம்" என்று எழுதியிருந்தார். அதை யாரிடமும் அவர் காட்டவில்லை. நான் கிழித்துப் போட்டேன்.

அவர் சந்தேகம் எப்போதும் சரியாக இருந்தது என்று நான் எழுதினால் அது பொய். ஒருமுறை குழாய்கள் தொடர்ந்து காணாமல் போயின. வார்டு ஆயா லட்சுமிதான் எடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் முன்னால் கேட்டும்விட்டார். அந்த அம்மாள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனார். பத்து நாள் கழித்து அலமாரிக்குப் பின்னால் எலி இழுத்துப் போட்ட பஞ்சுக்குள் மூன்று குழாய்கள் கிடந்தன. மறுநாள் காலை, எல்லோரும் வேலை தொடங்கக் கூடியிருந்த நேரத்தில் லட்சுமியைக் கூப்பிட்டு நிறுத்தி, "எல்லாரும் இருக்கும்போது கேட்டேன், எல்லாரும் இருக்கும்போதே சொல்றேன். தப்பு என்னுது" என்றார். லட்சுமி அதற்குப் பிறகும் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இனி பழனியம்மாள் கதையைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் அதைப் பாதிதான் கேட்டிருப்பீர்கள். மீதிப் பாதியில் நான் இருக்கிறேன். அதனால்தான் இத்தனை வருடம் சொல்லவில்லை.

சேந்தமங்கலத்துக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்த குடும்பம். வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து பழனியம்மாளுக்கு இடுப்பு முறிந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும். பெரிய டாக்டர் பந்து வைத்தார். ஆறு வாரத்தில் கைத்தாங்கலாக நடந்து வீட்டுக்குப் போனார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் மட்டும் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், மாதம் ஒருமுறை பெரிய டாக்டர் பார்ப்பார் என்று ஏற்பாடு.

நாற்பதுக்கு இறங்கியிருந்த எண் எழுபதானது. அடுத்த முறை தொண்ணூற்றைந்து. பெரிய டாக்டர் கணவர் கந்தப்பனைக் கூப்பிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே இருந்தா சேர்த்துத் திறந்து பார்க்கணும். பந்தை எடுக்கவும் வேண்டி வரலாம்" என்றார். கந்தப்பன் தலையை ஆட்டிக்கொண்டார்.

அடுத்த முறை எண் பதினெட்டு.

பெரிய டாக்டர் மகிழ்ந்துபோய், நன்றாக இருக்கிறது என்று கந்தப்பனிடம் சொல்லி அனுப்பினார். நானும்தான். "பார்த்தீங்களா, இடையில ஏதோ சளிக் காய்ச்சல். சரியாப் போச்சு" என்றார். அந்த நேரத்தில் பிலோமினா அம்மாள் சீட்டோடு உள்ளே வந்தார். அவர் சாதாரணமாக எங்கள் அறைக்கு வருவதில்லை.

"தொண்ணூத்தஞ்சு ரெண்டு வாரத்துல பதினெட்டு ஆகாதுங்க டாக்டர். மிச்ச ரத்தத்துல குரூப் பார்த்தேன். பி. ஆப்பரேஷனுக்கு முன்னாடி நானே பார்த்தது ஓ. இது பழனியம்மா ரத்தம் இல்லை."

பெரிய டாக்டர் முகம் மாறியது. "அப்ப யாருடையது?"

"தெரியலைங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே எடுத்தீங்க?"

"நான்தான் சார். என் கையால எடுத்தேன். பேர் கேட்டுத்தான் எடுத்தேன்." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "லேப்புல குப்பி மாறியிருக்கணும்" என்றும் சொன்னேன்.

பிலோமினா அம்மாள் என்னைப் பார்த்தார். கோபம் இருந்ததாக நினைவில்லை. பெரிய டாக்டர், "இன்னிக்கு இந்தக் குப்பி மாறியிருக்குன்னா, இத்தனை வருஷத்துல எத்தனை மாறுச்சோ? நான் கூப்பிடற வரைக்கும் நீங்க வர வேண்டாம்" என்றார். அவர் சரிங்க என்று சொல்லி, சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். பி குரூப் என்று எழுதியிருந்த பக்கம் மேலே இருந்தது. நான் அதைத் திருப்பி வைத்தேன்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"டாக்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எந்தக் கையில எடுத்தீங்க?"

"இடது கை."

"முன்னங்கையில பச்சை குத்தியிருந்துச்சா? தேள் மாதிரி?"

முந்தின நாளை நினைத்துப் பார்த்தேன். ஓ.பி.யில் அன்று நல்ல கூட்டம். முக்காடு போட்ட ஓர் அம்மாள் ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "பழனியம்மாள்தானே?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்று பதில் வந்தது. நரம்பைத் தேடினேன். நான் பார்த்தது அந்தக் கையைத்தான், முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கை மாநிறமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருந்தது. இப்போதும் அந்தக் கை எனக்குத் தெரிகிறது.

"இல்லை" என்றேன்.

"ஆப்பரேஷனுக்கு முன்னாடி நான் எடுத்தப்ப இருந்துச்சு. தேளோட வால் பக்கத்துலதான் ஊசி போட்டேன். அப்ப வேற ஆளு வந்திருக்கு." கொஞ்சம் நிறுத்தி, "அந்தம்மாவுக்கு உள்ளே சீழ் இருந்தா இன்னும் எத்தனை நாள் தாங்கும் டாக்டர்?" என்றார். தன் வேலை போனதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பெரிய டாக்டரிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். "எதைச் சொல்வீங்க? தேளையா? முதல்ல அந்தம்மாவைப் பார்ப்போம்" என்றார். அவர் கையில் ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே இ.எஸ்.ஆர். தாங்கி, குழாய்கள், ஊசிகள், ரத்தம் உறையாதிருக்க ஊற்றும் மருந்து நீர். ரத்தத்தை எடுத்துச் சேலம் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நேரம் தவறிவிடும் என்பதால் எல்லாவற்றையும் எடுத்து வந்துவிட்டார். வரச் சொல்லாத ஒருவர் ஆஸ்பத்திரிச் சாமானை எடுத்ததற்காக மாட்டிக்கொள்ளலாம் என்றேன். "லேப்ல சீட்டு எழுதி வெச்சிருக்கேன்" என்றார்.

ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். வழி நெடுக அவர் துணிப்பையைக் குலுங்காமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குத்தான் சந்தேகம் அரித்துக்கொண்டே வந்தது. இவர் சொல்வது தவறாக இருந்தால்? ஒருவேளை பச்சை குத்தியது வேறு நோயாளியோ? உண்மையில் நான் அப்படி இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

தோட்டத்து வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. வாசலில் பித்தளைப் பாத்திரங்கள் துலக்கிக் கவிழ்த்துக் கிடந்தன. கந்தப்பன் எங்களைக் கண்டதும் வழியை மறித்து நின்றார்.

"ஏனுங்க, ஊடு தேடி வாரீங்க? நேத்துத்தான் நல்லாருக்குதுன்னு சொல்லி அனுப்பிச்சீங்க?"

"அம்மாவைப் பார்க்கணும்" என்றேன்.

"அவ உறங்கறாளுங்க."

அவருக்குப் பின்னால் உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தார். முக்காடு இல்லை. ஆனால் அந்தக் கை எனக்குத் தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததும் அவர் அழத் தொடங்கிவிட்டார். "நாந்தானுங்க. என்னைத் திட்டாதீங்க சாமி. அக்காதான் போய்ட்டு வான்னுச்சு."

பழனியம்மாளின் தங்கை நல்லம்மாள். கந்தப்பன் அவரை அதட்டினார். பிறகு எங்கள் மேல் பாய்ந்தார்.

"பின்ன என்னங்க பண்றது? பத்து நாளைக்கு ஒருக்கா, பதனஞ்சு நாளைக்கு ஒருக்கா ரத்தத்தை உறிஞ்சறீங்க. ரத்தத்தை எடுத்து விக்கறீங்கன்னு ஊரே பேசுது. அப்பறம் எண்ணு சரியில்லீங்கறீங்க. காலை மறுக்கா கீறோணுங்கறீங்க. அந்தக் குழாயில என்ன பண்றீங்கன்னு நாங்க கண்டமா?"

நான் அவமானத்தில் நின்றேன். பிலோமினா அம்மாள் மட்டும் அதைக் கேட்டு முகம் மலர்ந்ததுபோல் எனக்குப் பட்டது. "நீங்க சந்தேகப்படறது நியாயங்க. நானா இருந்தாலும் பட்டிருப்பேன். இன்னிக்கு உங்க கண்ணு முன்னாடியே பண்றேன். நீங்களே பார்த்துக்குங்க" என்றார்.

உள்ளே பழனியம்மாள் கட்டிலில் கிடந்தார். உறங்கவில்லை. நெற்றியைத் தொட்டேன்; சுட்டது. காய்ச்சல் மாத்திரைப் பட்டை ஒன்று தலையணைக்கு அடியில் இருந்தது. தொடையைப் பார்க்க விடவில்லை. "ஒம்பது நாளு பொறுத்துக்கங்க சாமி" என்றார். "புள்ளைக்குக் கண்ணாலம். அது முடிஞ்ச பொறவு என்ற காலை அறுத்துக்கூட எடுத்துக்கங்க. அங்க வந்தா என்னை உட மாட்டீங்க."

அவர்கள் ஏன் தங்கையை அனுப்பினார்கள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிலோமினா அம்மாள் மரப்பெட்டி ஒன்றின் மேல் தாங்கியை வைத்து, நூல் குண்டைத் தொங்கவிட்டு, அடியில் காகிதத்தை மடித்து வைத்து நேராக்கினார். ஆறு குழாய்களையும் எடுத்து வரிசையாக வைத்தார். "எதுல ஊத்தணும்னு நீங்க எடுத்துக் குடுங்க" என்று கந்தப்பனிடம் சொன்னார். அவர் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, நடுவிலிருந்த இரண்டைப் பொறுக்கினார். எவ்வளவு ரத்தம் வேண்டும் என்று கேட்டார். பிலோமினா அம்மாள் சமையலறையிலிருந்து ஒரு தேக்கரண்டி கொண்டுவரச் சொல்லி, அதில் தண்ணீரை ஊற்றி, "இதுல பாதிக்குக் கொஞ்சம் கீழ" என்று காட்டினார். "இவ்வளவு நாளும் இவ்வளவுதானுங்களா?" என்றார் அவர். "இவ்வளவுதான்."

அக்காளிடமிருந்தும் தங்கையிடமிருந்தும் ரத்தம் எடுத்தார். எடுக்கும்போது பழனியம்மாளின் இடது முன்னங்கையை நான் பார்த்தேன். பச்சைத் தேள், வால் முழங்கைப் பக்கம் வளைந்து. ரத்தத்தைக் குழாயில் வாயால் உறிஞ்சி ஏற்றி நிறுத்தினார். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்தோம். எந்தக் குழாய் யாருடையது என்று அடையாளம் கட்டச் சொன்னார். கந்தப்பன் மனைவியின் குழாய்க்கு மஞ்சள் நூலும் கொழுந்தியாள் குழாய்க்கு வெள்ளை நூலும் கட்டினார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "உங்க கடியாரம் வேண்டாமுங்க" என்று சொல்லிக் கந்தப்பன் சுவர்க் கடிகாரத்தை இறக்கிப் பெட்டிமேல் வைத்தார்.

பிறகு நாங்கள் எல்லோரும் உட்கார்ந்தோம். கல்யாணப் பெண் செல்வியும் வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். கால் மணி ஆவதற்குள்ளாகவே மஞ்சள் நூல் கட்டிய குழாயில் சிவப்பு நழுவி இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. மேலே பழுப்பு மஞ்சளாக நீர். வெள்ளை நூல் குழாயில் ஒரு நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. கந்தப்பன் பெட்டிக்கருகே குந்தி உட்கார்ந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டுக்கும் ஒரே மருந்துதானுங்களா ஊத்துனீங்க?"

"ஒரே பாட்டில். நீங்க பார்த்தீங்க."

"பொட்டி சாஞ்சிருக்குதுங்களா?"

"நூலைப் பாருங்க."

அவர் நூலைப் பார்த்தார். மணி முடிந்தபோது மஞ்சள் நூல் குழாய் நூறைத் தாண்டியிருந்தது. வெள்ளை நூல் பதினைந்துக்குள். கந்தப்பன் தரையில் சரிந்து உட்கார்ந்துகொண்டார். "தெரியாமப் பண்ணிப் போட்டமுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பழனியம்மாள் பிலோமினா அம்மாளைத்தான் பார்த்தார். "நீ சொல்லு அம்மிணி. ஒம்பது நாளு தாங்குமா, தாங்காதா?"

"நான் டாக்டர் இல்லைங்கம்மா. எனக்கு இந்தக் குழாய் மட்டும்தான் தெரியும். இது தாங்கும்னு என்னால சொல்ல முடியாது. சொன்னா அது உங்களுக்காகச் சொல்ற பொய்."

நான் தொடையைப் பார்த்தேன். தழும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, மினுமினுத்து, வீங்கியிருந்தது. செல்விதான் எழுந்து, "கார் சொல்லுங்கப்பா" என்றாள்.

அன்று மாலையே சேலத்துக்குக் கொண்டுவந்தோம். பெரிய டாக்டரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன்: முகத்தைப் பார்க்காமல் எடுத்ததையும், என் தவறை லேப் மேல் போட்டதையும். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு, "அந்தம்மா வெளியில நிக்கறாங்களா? உள்ளே வந்து குரூப் பார்க்கச் சொல்லுங்க. ரத்தம் ஏத்த வேண்டியிருக்கும்" என்றார். மன்னிப்பு என்று அவர் வாயில் வந்தது அவ்வளவுதான். மறுநாள் காலையில் திறந்தோம். குவளை நிறையச் சீழ். பந்தை எடுத்துவிட்டோம்.

எட்டு நாள் கழித்துக் கல்யாணம் குறித்த நேரத்திலேயே நடந்தது. பழனியம்மாள் வார்டில் காலில் எடை கட்டிக் கிடந்தார். அன்று காலை ரத்தம் எடுக்கப் போன பிலோமினா அம்மாளிடம் கையை நீட்டி, "எடுத்துக்க. கண்ணாலத்தையே எடுத்துட்டே. இன்னம் என்ன வேணும், எடுத்துக்க" என்றார். நான் பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கேட்டேன். பிலோமினா அம்மாள் ரத்தத்தை எடுத்துக்கொண்டு போனார். மதியம் மாலையோடு பெண்ணும் மாப்பிள்ளையும் நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்த அம்மாள் அவர்கள் போன பிறகும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியே படுத்திருந்தார். நாங்கள் செய்தது சரிதானா என்று அன்று பிலோமினா அம்மாளைக் கேட்டேன். "எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு" என்றார்.

எண் இறங்கி இருபதுக்கு வரச் சரியாக ஐந்து மாதம் ஆனது. கால் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது; கைத்தடியோடு நடந்தார். ஆனால் நடந்தார். பிறகு வருடம் ஒருமுறை தானாகவே கிளம்பி வந்து லேப் அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்வார். வேறு யாரையும் ரத்தம் எடுக்க விடமாட்டார். "என்னைச் சந்தேகப்பட்டவ அவதான். அவளே எடுக்கட்டும்" என்பார். ஒரு மணி நேரமும் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்து, இருவரும் செல்வியின் பிள்ளைகளைப் பற்றியும் மஞ்சள் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் சி.ஆர்.பி. என்ற புதிய பரிசோதனை எங்கள் ஊருக்கு வந்தது. கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு. திரிதிரியாகத் திரண்டால் உடம்பில் அழற்சி. ஆப்பரேஷனுக்குப் பிறகு இ.எஸ்.ஆரைவிட இது சீக்கிரம் தணிந்துவிடும், அதனால் மறுபடி ஏறினால் முன்னதாகவே தெரியும் என்றார்கள். பெரிய டாக்டர் அன்றே பழையதை நிறுத்தச் சொன்னார். பிலோமினா அம்மாள் மூன்று மாதம் இரண்டையும் சேர்த்தே செய்தார், புதியதைச் சீட்டில் எழுதாமல். "இது பொய் சொல்லும்போது எப்படிச் சொல்லும்னு தெரிஞ்சாத்தான் நிஜம் சொல்லும்போது நம்ப முடியும்" என்றார். மூன்று மாதம் கழித்து எழுதத் தொடங்கினார்.

அவருக்கு மஞ்சள் காமாலை என்று போன வருடம் கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். கண் மஞ்சளாக இருந்தது, வயிறு வீங்கியிருந்தது. கல்லீரல் போய்விட்டது என்றார்கள். எத்தனை ஆயிரம் பேர் ரத்தத்தை அந்த வாயால் உறிஞ்சி ஏற்றியிருப்பார் என்று நினைத்தேன். அந்தக் குழாய்களில் ஒன்றுதான் இந்த நோயைக் கொடுத்திருக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். அவரிடமே சொன்னேன். "இருக்கலாம். ஆனா நிரூபிக்க முடியாதே" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "இப்ப வர்ற பிள்ளைங்க வாயால உறிஞ்ச வேண்டாம்னு சொல்லிடுங்க டாக்டர். நிரூபிக்கற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்" என்றார். என் லேப்பில் இப்போது ரப்பர் குமிழ் வைத்துத்தான் ஏற்றுகிறார்கள். உங்கள் லேப்பில் இல்லையென்றால் இதைப் படித்ததும் வாங்கி வையுங்கள்.

அடக்கத்தன்று கோயிலில் இடம் இல்லை. வெளியே வெயிலில் நின்றேன். கூட்டத்தில் நம்மில் பலரைப் பார்த்தேன். பெரிய டாக்டர் ஓரமாக நின்றிருந்தார். லட்சுமி சவப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தார்.

அவரைப் பற்றி என்னிடம் மிச்சமிருப்பது என்னவென்று அங்கே நின்றபோது யோசித்தேன். வேலை போன மறுநாள் காலை அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இன்னும் ஒரு கேள்விதான் பாக்கி. அதை அவர் நேராகப் பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கலாம். அவருடைய வேலை அன்றே திரும்பிக் கிடைத்திருக்கும், என் வேலை போயிருக்கும். அப்படிச் செய்யவில்லை. வாசலில் காத்திருந்து என்னிடம் கேட்டார். பதில் கிடைத்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரிடமே முதலில் போய்க் கேட்க வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். என்னால் எப்போதும் அப்படிச் செய்ய முடிந்ததில்லை. அவரால் முடிந்தது என்பதற்கு நானே சாட்சி.